பேய் வராது, பயம் மட்டும் போகாது: இந்திரா சௌந்தர்ராஜன் மிரட்டியது எப்படி?

90-களில் டிவி பார்த்து வளர்ந்தவர்களிடம் 'விடாது கருப்பு' என்று சொல்லிப் பாருங்கள். குதிரையில் வரும் கருப்புசாமியும், ராத்திரி போர்வைக்குள் ஒளிந்துகொண்டு பார்த்ததும் உடனே ஞாபகத்துக்கு வரும். அந்தக் கதையை எழுதிய இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பர் 10 அன்று மதுரையில் காலமானார். அவருக்கு வயது 65.

அவர் கதைகளில் பேய் வருவது குறைவு. அப்புறம் எதற்கு அவ்வளவு பயம்?

யார் இவர்?

1958-ல் சேலத்தில் பிறந்தவர். பிறகு மதுரைவாசி ஆனார். சௌந்தர்ராஜன் என்ற பெயருக்கு முன்னால் அம்மா இந்திராவின் பெயரைச் சேர்த்துக்கொண்டார். வார இதழ்த் தொடர்கள், மாத நாவல்கள் என நூற்றுக்கணக்கில் எழுதினார். ஜமீன் குடும்ப வாரிசுகளைத் துரத்தும் சாபத்தைச் சொல்லும் 'கோட்டைப்புரத்து வீடு' இன்றைக்கும் அவருடைய வாசகர்கள் முதலில் சிபாரிசு செய்யும் நாவல்.

1990-களின் நடுவில் கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனத் தயாரிப்பில், நாகா இயக்கத்தில் சன் டிவியில் வந்தது 'மர்மதேசம்'. 'ரகசியம்', 'விடாது கருப்பு' என்று அடுத்தடுத்த கதைகள் அவரை வாசகர் வட்டத்தைத் தாண்டி வீட்டுக்கு வீடு கொண்டுபோயின. 'விட்டுவிடு கருப்பா' நாவல்தான் 'விடாது கருப்பு' ஆனது.

பேய்க்கதையிலிருந்து எங்கே மாறினார்?

அவருக்கு முன்பே பி.டி.சாமியின் பேய்க்கதைகள் பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடைகளில் சக்கைப்போடு போட்டன. அங்கே பயம் என்றால் ஆவி. சௌந்தர்ராஜன் கையில் எடுத்ததோ 'சாமி குத்தம்'. கோயில், சித்தர், நவபாஷாணம், ஜோதிடம், காவல் தெய்வம் என்று நாம் தினமும் கும்பிடும், நம்பும் விஷயங்களே பயமுறுத்த ஆரம்பித்தன. பேயை நம்ப மாட்டேன் என்பவர்கூட 'சாமி விஷயத்துல விளையாடாதப்பா' என்பார். அந்த இடத்தில்தான் அவர் கதை தொடங்கும்.

கதை சொல்லும் முறையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். ஊரில் ஒரு சாவு விழும். சாமிதான் தண்டித்தது என்பார்கள் பெரியவர்கள். இல்லை, யாரோ ஆள் வைத்துச் செய்கிறார்கள் என்பார் வெளியூரிலிருந்து வந்த படித்தவர். இரண்டுக்கும் சம அளவில் சாட்சி வைத்துக்கொண்டே போவார். 'விடாது கருப்பு' கதையில் சின்ன வயதில் பதிந்த பயமும் இரட்டை ஆளுமை என்ற மனநலப் பிரச்சினையும் சேர்ந்துதான் முடிச்சை அவிழ்க்கின்றன. அப்படியும், கருப்பு இல்லவே இல்லை என்று கதை அடித்துச் சொல்வதில்லை.

தேனிக்காரர்களுக்கு இது புதுசா?

இல்லவே இல்லை. 1996-ல் தனி மாவட்டமாகும் வரை தேனி, மதுரை மாவட்டத்தின் பகுதிதான். அவர் எழுதிய நம்பிக்கை உலகம் கம்பம் பள்ளத்தாக்கு வரைக்கும் நீளும். கொடுக்கல் வாங்கலில் தகராறு வந்தால் 'கருப்பன் முன்னாடி சூடம் அணைச்சு சத்தியம் பண்ணுவியா?' என்று கேட்கிற ஊர்கள் இவை. போலீஸ் ஸ்டேஷனில் கூசாமல் பொய் சொல்கிறவரும் அங்கே தயங்குவார்.

பெரியகுளம் பக்கத்தில் தேவதானப்பட்டி மூங்கிலணை காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போனால் மூடிய கதவுக்குத்தான் பூஜை. கருவறைக் கதவைத் திறப்பதில்லை. அங்கே தேங்காயும் உடைப்பதில்லை. கூடலூருக்கு மேலே, கேரள எல்லை மலையில் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலில் பக்தர்களுக்கு வருஷத்தில் சித்ரா பௌர்ணமி ஒரு நாள்தான் அனுமதி. இந்த இரண்டு கோயில்களிலும் மிரட்டல் எதுவும் கிடையாது, பக்திதான் இருக்கிறது. ஆனால் 'உள்ளே என்ன இருக்கு?', 'மத்த நாள்ல போனா என்ன?' என்ற கேள்வி மனதில் வந்துவிட்டால், அங்கேயே ஒரு மர்மக் கதைக்கான விதை விழுந்துவிடும். சௌந்தர்ராஜன் காலமெல்லாம் பயிர் செய்தது அந்த விதையைத்தான்.

மூடநம்பிக்கையை வளர்த்தாரா?

அவர் மீது நியாயமாக வைக்கக்கூடிய கேள்வி இது. அவர் இறை நம்பிக்கையாளர். பிற்காலத்தில் ஆன்மிகப் பேச்சாளராகவும் அறியப்பட்டவர். பகுத்தறிவு பேசும் பாத்திரத்துக்குக் கடைசி வார்த்தையைக் கொடுக்க அவர் அவசரப்பட்டதில்லை. சாபம், பரிகாரம் என்று ஏமாந்து பணத்தைத் தொலைக்கிறவர்கள் இருக்கிற சமூகத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் கதைகளைக் கூர்ந்து படித்தால் இன்னொன்றும் தெரியும். அங்கே நடக்கும் குற்றங்களுக்குப் பின்னால் அநேகமாக மனிதர்களின் பேராசைதான் இருக்கும். ஊர் பயந்து ஒதுங்குகிற இடம்தான் திருடனுக்கு வசதி என்பதை அந்தக் கதைகள் திரும்பத் திரும்பக் காட்டின.

பயத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. சாமி காடு என்று சொல்லிக் கோடரி படாமல் விட்டதால்தான் தமிழ்நாட்டில் பல கோயில் காடுகள் இன்னும் பிழைத்திருக்கின்றன. ஒரே பயம்தான். மரத்தையும் காப்பாற்றுகிறது, சில சமயம் கொலைகாரனையும் காப்பாற்றுகிறது.

எங்கிருந்து தொடங்கலாம்?

நேரம் குறைவென்றால் 'கோட்டைப்புரத்து வீடு' படியுங்கள். பார்க்க வேண்டும் என்றால் 'மர்மதேசம்' யூடியூபில் இருக்கிறது. கிராஃபிக்ஸ் இப்போது பழசாகத் தெரியலாம். ஆனால் 'இதைச் செய்தது சாமியா, பக்கத்து வீட்டு ஆளா?' என்ற சந்தேகம் மட்டும் பழசாகவில்லை.