பாறை படிக்கும் கலை – 9: கருங்கல்லுக்குள் ஒரு செங்குத்து முள்

கஞ்சமலை அடிவாரத்தில் திசைகாட்டி முள் தடுமாறும் கதையைப் போன வாரம் பார்த்தோம். அங்கே இரும்புத் தாது வரிவரியாகக் கண்ணுக்கே தெரியும். இந்த வாரக் கல்லில் காந்தம் பொடிப்பொடியாக ஒளிந்திருக்கிறது.

சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் தாண்டி வடக்கே போனால், வெளிறிய நைஸ் பாறைக்கு நடுவே கருப்புக் குண்டுக்கற்கள் கோடு பிடித்தாற்போல் கிடக்கும் இடங்கள் உண்டு. குவாரிக்காரர்களுக்கு அது கருப்பு கிரானைட். கிச்சன் மேடைக்கும் கல்லறைப் பலகைக்கும் போகிற சரக்கு. நிலவியலாளர்களுக்கு டோலரைட் டைக். ஆழத்திலிருந்து ஏறிவந்த எரிமலைக் குழம்பு பாறை வெடிப்புகளில் புகுந்து, வெளியே வழியாமல் சுவராக உறைந்துவிட்டது.

உறையும்போதுதான் விஷயம் நடக்கிறது. வெப்பம் சுமார் 580 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கியதும், கல்லில் உள்ள மேக்னடைட் துகள்கள் அன்றைய பூமியின் காந்தப்புலத் திசையைப் பிடித்துக்கொள்கின்றன. துருவத்தருகே அந்தப் புலம் செங்குத்தாகப் பாயும், நடுக்கோட்டருகே படுக்கையாக. ஆகவே கல்லுக்குள் இருக்கும் சாய்வை அளந்தால், அது உறைந்த அட்சரேகை கிடைத்துவிடும். தீர்க்கரேகை மட்டும் கிடைக்காது. அது இந்த முறையின் பிறவிக் குறை.

கேட்க எளிது; செய்வது பொறுமையைச் சோதிக்கும். வைர முனைத் துளைப்பானில் தண்ணீர் விட்டுக்கொண்டே விரல் பருமனுக்குக் கல்லைக் குடைந்து எடுக்க வேண்டும். அது எந்தத் திசை பார்த்து இருந்தது என்று குறிக்கச் சாதாரணத் திசைகாட்டியை மட்டும் நம்ப முடியாது, கல்லே முள்ளை இழுக்கும். அதனால் வெயிலின் நிழலை வைத்துத் திசை பார்ப்பார்கள். பிறகு ஆய்வகத்தில், வெளிப்புலம் புகாத உலையில் படிப்படியாகச் சூடாக்கி, பின்னாளில் ஒட்டிய காந்தத்தை உரித்தெடுப்பார்கள். கடைசியாகத் தாக்குப்பிடிப்பதுதான் பழைய திசை. அப்போதும் சந்தேகம் தீராது. டைக்கை ஒட்டி வெந்துபோன நைஸையும், தள்ளியிருக்கும் வேகாத நைஸையும் அளப்பார்கள். வெந்தது டைக்கின் திசையையும், வேகாதது வேறு திசையையும் காட்டினால்தான் நிம்மதி.

இந்த முறை இந்தியாவுக்குப் புதிதல்ல. தக்காணத்து எரிமலைப் பாறைகளை அளந்து, இந்தியா தெற்கேயிருந்து நகர்ந்து வந்தது என்று லண்டன் இம்பீரியல் கல்லூரியின் கிளெக் குழுவினர் 1956இலேயே எழுதினார்கள். ஆனால் தக்காணக் கல்லுக்கு வயது ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுதான். நம் பக்கத்துக் கற்களோடு ஒப்பிட்டால் பச்சைக் குழந்தை.

2007இல் கனடாவின் ஹென்றி ஹால்ஸ், ஹைதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் அனில் குமார் ஆகியோர் அடங்கிய குழு, பெங்களூரு முதல் தருமபுரிப் பக்கம் வரை பரவிய டைக்குகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. பெங்களூருக்குத் தெற்கே ஹாரோஹள்ளி டைக்கின் வயது யுரேனியம்–ஈயக் கணக்கில் 236.5 கோடி ஆண்டு. கல்லுக்குள் இருந்த முள்ளோ செங்குத்தை ஒட்டி நின்றது. இன்று சேலத்தில் தொங்கவிட்ட காந்த முள் கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கும். காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடி அருகே ஓடுகிறது. ஆக, இந்த வெயில் பூமி அன்று துருவத்துக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது!

இடையில் ஒன்று. குவாரிகளைத் திட்டுவது நமக்குப் பழக்கம், எனக்கும்தான். ஆனால் மேட்டில் நிற்கும் கல்லில் இடி விழுந்தால் பழைய காந்தம் குலைந்துவிடும். ஆழமாக வெட்டிய குவாரிச் சுவரில்தான் கெடாத கல் கிடைக்கும். எவர் வெட்டிய பள்ளமோ, ஆய்வாளருக்கு அது வரம்.

தெற்கே வரவரச் சிக்கல் கூடுகிறது. டைக்குகளின் ஃபெல்ஸ்பார் படிகங்கள், நுண்துகள்கள் நிறைந்து கலங்கலாகின்றன. தெற்கே இன்று மேலே தெரிவது, ஒரு காலத்தில் அதிக ஆழத்தில் வெந்துகொண்டிருந்த நிலம். அங்கே முள் எப்போது நிலைத்தது, குழம்பு ஏறியபோதா, நிலம் ஆறியபோதா? காவிரியை நெருங்க நெருங்க, சுமார் 55 கோடி ஆண்டுக்கு முந்தைய இன்னொரு சூடும் குறுக்கிடுகிறது. நாமக்கல் பக்கத்துக் கல் ஒன்று திசை சொன்னால், அது எந்தச் சூட்டின் திசை என்று முதலில் கேட்க வேண்டும்.

(அடுத்த வாரம்: சித்தம்பூண்டி)