எயார்பேக் விளக்கு அணையாவிட்டால்...

வியாபாரிகளாகிய எமக்கு வாகனம் ஆடம்பரப் பொருளல்ல. கொள்முதலும் விநியோகமும் அதை நம்பியே நடக்கின்றன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து வருடங்களும் பழைய வாகனங்களே கைமாறின. அலுவிகாரையில் ஏ-9 வீதியோரமாக வாகன மின்வேலைக் கராஜ் நடத்தும் எனக்கு அடிக்கடி வரும் வேலைகளில் ஒன்று எயார்பேக் கோளாறு. "வண்டி ஓடுதுதானே, பிறகு பார்ப்போம்" என்று பலரும் தள்ளிப்போடுவதும் இதைத்தான்.

விளக்கு சொல்வது என்ன?

சாவியைத் திருப்பியதும் எயார்பேக் விளக்கு சுமார் ஆறு விநாடிகள் எரிந்து அணைய வேண்டும். அந்நேரத்தில் எயார்பேக் கம்பியூட்டர் சுற்று முழுவதையும் சோதிக்கிறது. விளக்கு அணையாவிட்டால் எங்கோ வயர் அறுந்திருக்கிறது அல்லது ஷோர்ட் ஆகியிருக்கிறது. அந்நிலையில் வாகனம் மோதினால் பை விரியாமல் போகலாம். விளக்கு எரியவே இல்லையென்றால் இன்னும் கூடுதலாகச் சந்தேகப்பட வேண்டும்.

எங்கே தேடுவது?

முதலில் ஸ்கேனர் போட்டுக் குறியீட்டை வாசிக்க வேண்டும். ஊகத்தில் பாகம் மாற்றுவது வீண் செலவு. என் அனுபவத்தில் கோளாறு பெரும்பாலும் இரண்டு இடங்களில் இருக்கும்.

ஒன்று, முன் ஆசனத்துக்குக் கீழுள்ள மஞ்சள் நிறக் கனெக்டர். ஆசனத்தை முன்னும் பின்னும் தள்ளுவதாலும், கீழே சாமான்களைத் திணிப்பதாலும், தண்ணீர் சிந்துவதாலும் அதன் தொடர்பு தளர்கிறது. சுத்தம் செய்து இறுக்கிப் பூட்டினாலே பல வாகனங்கள் சரியாகிவிடும்.

மற்றையது, ஸ்டியரிங்குக்குள் சுருண்டிருக்கும் சுருள் கேபிள். எயார்பேக் விளக்கு எரிவதோடு ஹோர்னும் வேலை செய்யாவிட்டால் முதலில் இதையே பார்க்க வேண்டும். இரண்டின் மின்சாரமும் அதன் வழியாகவே செல்கிறது. இது பெரிய நிறுவனங்களையும் விட்டுவைக்காத குறைபாடு. 2014 ஏப்ரலில் டொயோட்டா உலகெங்கும் 60 இலட்சத்துக்கும் அதிகமான வாகனங்களைப் பல குறைபாடுகளுக்காகத் திரும்ப அழைத்தது. அவற்றில் சுமார் 35 இலட்சம் வாகனங்களுக்கான காரணம் இந்தச் சுருள் கேபிள்தான். 2020 ஜனவரியில் அதே நிறுவனம் எயார்பேக் கம்பியூட்டரில் இருந்த குறைபாட்டுக்காக மேலும் சுமார் 34 இலட்சம் வாகனங்களை அழைத்தது. உங்கள் வாகனமும் இத்தகைய அழைப்பில் அடங்குகிறதா என்பதைச் சசி இலக்கத்தைக் கொண்டு விசாரித்துக் கொள்ளலாம்.

கை வைக்க முன்

பெட்டரியைக் கழற்றியவுடன் வேலையைத் தொடங்கக் கூடாது. மின்சாரம் இல்லாமலும் பை விரிவதற்காகக் கம்பியூட்டர் சிறிதளவு மின்னைச் சேமித்து வைத்திருக்கும். சில கம்பனிகள் 90 விநாடி என்றும் சில மூன்று நிமிடம் என்றும் குறிப்பிடுகின்றன. நான் பத்து நிமிடம் விடுவேன். எயார்பேக்கின் மீது சாதாரண மீற்றரை ஒருபோதும் வைக்கக் கூடாது. அதன் சிறு மின்னோட்டமே பையை வெடிக்க வைக்கலாம். பையைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் சுமார் இரண்டு ஓம் ரெசிஸ்டரைத் தற்காலிகமாகப் போட்டுப் பார்ப்பதே முறை. குறியீடு மறைந்தால் பழுது பையில். மறையாவிட்டால் வயரில், சுருள் கேபிளில் அல்லது கம்பியூட்டரில். புதிய சுருள் கேபிளைச் சக்கரங்கள் நேராக இருக்கையில் நடுநிலைப்படுத்தியே பூட்ட வேண்டும். இல்லையேல் முழுதாக ஒரு வளைவு திருப்பும்போது அறுந்துவிடும்.

ஏமாற்று வேலை

சோதனைக்கான அதே ரெசிஸ்டரை நிரந்தரமாகவே பொருத்தி விளக்கை அணைத்து விற்பவர்களும் உள்ளனர். கம்பியூட்டருக்கு எல்லாம் நலமாகத் தெரியும். உள்ளே பையே இருக்காது. வாசனைச் சரக்கு வியாபாரி ஒருவர் கொண்டு வந்த காரில் எயார்பேக் விளக்கை ஒயில் விளக்கின் வயரோடு இணைத்திருந்தார்கள். இரண்டும் சேர்ந்து எரிந்து சேர்ந்தே அணைந்தன. வாங்கியவருக்குச் சந்தேகமே வரவில்லை.

பழைய எயார்பேக்கை வாங்கிப் பூட்டுவதும் ஆபத்தானது. ஜப்பானின் டகாட்டா நிறுவனத்தின் எயார்பேக்குகள் வெப்பமும் ஈரப்பதனும் கூடிய இடங்களில் காலப்போக்கில் பழுதடைந்து, விரியும்போது உலோகத் துண்டுகளாகச் சிதறிப் பலரைக் கொன்றன. 2017 இல் அந்நிறுவனம் வங்குரோத்தானது. எமது காலநிலையும் அத்தகையதே.

எனவே வாகனம் வாங்கும்போது மூன்றைக் கவனியுங்கள். சாவியைத் திருப்பி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமலே எயார்பேக் விளக்கு தனியாக எரிந்து தனியாக அணைகிறதா என்று பாருங்கள். ஸ்டியரிங் மூடியிலும் டேஷ்போர்டிலும் வெட்டி ஒட்டிய தடயம் உண்டா என்று தடவிப் பாருங்கள். பணம் கொடுக்க முன் ஸ்கேன் அறிக்கையை எழுத்தில் கேளுங்கள். வாகனம் விற்பவராயின் இந்த மூன்றையும் நீங்களே வாடிக்கையாளருக்குக் காட்டுங்கள். விலையில் சிறிது குறைந்தாலும், அவர் அடுத்த வாகனத்துக்கும் உங்களிடமே வருவார்.