ஒளியியல் நார்: பாடநூலிலிருந்து தொழிலுக்கு



விஞ்ஞான பாடத்தில் ஒளிமுறிவைக் கற்கும்போது முழு அகத்தெறிப்பு பற்றியும் படிக்கிறீர்கள். வரைவிலக்கணத்தை எழுதிப் புள்ளி பெற்றதும் பலர் அதை மறந்துவிடுகின்றனர். ஆனால் இந்த ஒரு தத்துவத்தின் மேல் ஒரு தொழிற்றுறையே நிற்கிறது. சாதாரண தரத்துக்குப் பின் என்ன செய்வது என்று யோசிக்கும் மலையக மாணவர்கள் அதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

தத்துவம்

அடர்த்தி கூடிய ஊடகத்திலிருந்து அடர்த்தி குறைந்த ஊடகத்துக்குச் செல்ல முற்படும் ஒளியின் படுகோணம் அவதிக் கோணத்தைவிடப் பெரிதாயின், அவ்வொளி வெளியேறாது முற்றாகத் தெறித்து உள்ளேயே திரும்பும். ஒளியியல் நாரின் நடுவே உள்ள கண்ணாடியை அகணி என்போம். அதன் முறிவுச் சுட்டி 1.48 எனவும், அதைச் சூழ்ந்த கண்ணாடி உறையின் முறிவுச் சுட்டி 1.46 எனவும் கொள்வோம். அவதிக் கோணத்தின் சைன் 1.46 ÷ 1.48 = 0.9865. ஆகவே அவதிக் கோணம் ஏறத்தாழ 80.6° ஆகும். இக்கோணம் செவ்வனிலிருந்து அளக்கப்படுவது. பலர் புள்ளி இழப்பது இங்கேதான். நாரின் நீளப்பக்கத்துக்குக் கிட்டத்தட்டச் சமாந்தரமாகச் செல்லும் ஒளி மட்டுமே உள்ளே அகப்படும்.

கண்ணாடி ஒளியை உறிஞ்சிவிடாதா? நல்ல கேள்வி. 1966இல் சார்ள்ஸ் காவோ என்பவர், குறை கண்ணாடியில் அன்று, அதில் கலந்துள்ள மாசுகளிலேயே உள்ளது என எடுத்துக்காட்டினார். இதற்காக 2009இல் அவருக்கு பௌதிகவியலுக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இன்றைய நல்ல நாரில் 1 கி.மீ. சென்ற பின்னரும் ஒளியின் 95 சதவீதம் எஞ்சியிருக்கும்.

பயிற்சியில் கற்பது என்ன?

தொலைதூரத் தொடர்புக்குப் பயன்படும் நாரின் உறை 125 மைக்குரோமீற்றர் விட்டமுடையது; ஏறத்தாழ ஒரு தலைமயிரின் பருமன். அகணியோ 9 மைக்குரோமீற்றர்தான். அறுந்த நாரை ஒட்டும்போது இரண்டு அகணிகளும் நேருக்கு நேர் பொருந்தவேண்டும். எனவே பயிற்சியின் பெரும்பகுதி கைப்பழக்கமே. மேற்பூச்சை உரித்தல், அற்ககோலால் துடைத்தல், முனையைச் செங்கோணமாக வெட்டுதல், மின்வில்லின் வெப்பத்தில் இரு முனைகளையும் உருக்கி இணைத்தல் என்று வேலை செல்லும். உருக்குவதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். முனையைச் சுத்தமாக வெட்டுவது மனிதனின் கையில் உள்ளது. பொறுமையற்றவருக்கு இத்தொழில் சரிவராது.

பாதுகாப்பும் கற்பிக்கப்படும். நாரில் செல்வது கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்க் கதிர் என்பதால் நார்முனைக்குள் ஒருபோதும் பார்க்கக்கூடாது. வெட்டிய துண்டுகள் தோலில் ஏறினால் தேடி எடுப்பது கடினம்.

மலைச்சரிவும் நாரும்

பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்த தோட்டத்தை நீங்கள் அறிவீர்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயன் வரிசைகளை மூடியது. அது அபாயமான இடம் என்று அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போதும் மலையகத்தில் மண்சரிவுகள் நேர்ந்தன.

செய்தி கொண்டுசெல்லும் நாரைக் கொண்டே நிலத்தின் அசைவையும் அளக்கலாம். நாரில் செல்லும் ஒளியின் மிகச் சிறு பகுதி வழிநெடுகச் சிதறித் திரும்பி வருகிறது. மண்ணில் புதைத்த நார் சிறிது இழுபட்டாலும் திரும்பும் ஒளியின் மீடிறன் மாறும். எந்த இடத்தில் இழுபட்டது என்பதையும் கணிக்கலாம். சீனாவின் மூன்று பள்ளத்தாக்கு நீர்த்தேக்கத்தை அண்டிய சரிவுகளில் இம்முறை பயன்படுத்தப்பட்டுள்ளது. ஆனால் எச்சரிக்கை கிடைத்தால் மட்டும் போதாது, குடும்பங்கள் போய்க் குடியிருக்கப் பாதுகாப்பான காணியும் வேண்டும். அதை நார் தராது.

எங்கே, எப்படி?

இலங்கையில் தேசிய தொழிற்றகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. 2 முதல் 4 வரை கைவினைச் சான்றிதழ்கள், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். தொலைத்தொடர்பு, மின், இலத்திரனியல் நெறிகளில் கீழ்மட்டத்தில் தொடங்கி வேலை செய்தபடியே மேலே செல்லலாம். தகைமை நெறிக்கு நெறி வேறுபடும்; கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் சித்தி பெற்றிருப்பது கைகொடுக்கும். பணம் கட்டுமுன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: அந்நிறுவனம் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதியப்பட்டுள்ளதா? அழகான விளம்பரத்தை நம்பி, பெற்றோர் கொழுந்து பறித்துச் சேர்த்த பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

பயிற்சி வினா

அறுந்த நாரின் ஒரு முனையிலிருந்து அனுப்பிய ஒளித்துடிப்பு, அறுந்த இடத்தில் தெறித்து 80 மைக்குரோசெக்கனில் திரும்பியது. கண்ணாடியில் ஒளியின் வேகம் செக்கனுக்கு 200,000 கி.மீ. அறுந்த இடம் எவ்வளவு தூரத்தில் உள்ளது?

விடை: எதிரொலிக் கணக்கைப் போன்றதே. சென்று திரும்பிய தூரம் 200,000 × 0.00008 = 16 கி.மீ. ஆகவே நாரின் வழியே தூரம் 8 கி.மீ. தூண்களில் உபரி வடம் சுருள்சுருளாக விடப்பட்டிருப்பதால், வீதியில் நடந்து தேடுபவர் 8 கி.மீ.க்குச் சற்று முன்னரே அறுந்த இடத்தைக் காண்பார்.