கம்ப்யூட்டரிலும் வாரிசு உரிமை!

மேல் அறைக்குத் தந்த சாவி, கீழ் அறைகளையும் திறக்கும். வேலை மாறிய பிறகும் திறக்கும்!

மும்பை போர்ட் பகுதியில் ஒரு கம்பெனி அலுவலகம். காலை பத்தரை மணி. தபால் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு குமாஸ்தாவை மேனேஜர் கூப்பிட்டு அனுப்புகிறார்.

"சம்பள உயர்வுப் பட்டியலை நீங்கள் ஏன் திருத்தினீர்கள்?"

குமாஸ்தா திகைத்துப் போகிறார். மூன்று மாதத்துக்கு முன்புவரை அவர் கணக்குப் பிரிவில் இருந்தவர். பிறகு தபால் பிரிவுக்கு மாற்றல் ஆனது. முந்தின நாள் மாலை, பழைய சுற்றறிக்கை ஒன்றைக் கம்ப்யூட்டரில் தேடினார். தேடும்போது இரண்டு, மூன்று பைல்களைத் திறந்து மூடினார். "மாற்றத்தைச் சேமிக்கவா?" என்று கம்ப்யூட்டர் கேட்டது. வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் "ஆம்" என்று அழுத்திவிட்டார். அவ்வளவுதான். பட்டியலைக் கடைசியாகத் திருத்தியவர் என்று அவர் பெயர் பதிவாகிவிட்டது.

"அந்தப் பட்டியல் போன வாரம்தான் தயாரானது. அதைத் திறக்க உங்களுக்கு அனுமதி கொடுத்தது யார்?"

மேனேஜர் கொடுக்கவில்லை. தலைமைக் கணக்கர் கொடுக்கவில்லை. கம்ப்யூட்டரைக் கவனிக்கும் அதிகாரியும் கொடுக்கவில்லை. ஆனாலும் கதவு திறந்திருக்கிறது!

இது விளக்கத்துக்காகச் சொன்ன கதை. ஆனால், கம்ப்யூட்டர் உள்ள எந்த அலுவலகத்திலும் நாளைக்கே நடக்கக்கூடியது. யாரும் கொடுக்காத அனுமதி எங்கிருந்து வந்தது? அது வாரிசாக வந்தது!

பீரோவுக்குள் பீரோ

டைப்ரைட்டர் காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. இரும்பு பீரோ ஒன்று. அதற்குச் சாவி ஒன்று. சாவி ஹெட் கிளார்க்கிடம் இருக்கும். மாற்றல் வந்தால், பட்டியல் போட்டுச் சார்ஜ் ஒப்படைத்து, சாவியையும் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் போவார்கள்.

கம்ப்யூட்டரில் பீரோவுக்குப் பெயர் போல்டர். ஒரு போல்டருக்குள் இன்னொரு போல்டர் இருக்கும். அதற்குள் வேறொன்று. "கணக்கு" என்ற பெரிய போல்டருக்குள் "சம்பளம்" இருக்கும். அதற்குள் "2024", "2025" என்று ஆண்டுகள். அவற்றுக்குள் மாதங்கள். மாதத்துக்குள் பைல்கள். வேரிலிருந்து கிளை, கிளையிலிருந்து கொப்பு, கொப்பிலிருந்து இலை என்று தலைகீழாக வளர்ந்த மரம் போல இது இருக்கும்.

இந்த மர அமைப்பு நேற்று வந்தது அல்ல. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், பெல் ஆராய்ச்சிக்கூடம், ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி மூன்றும் சேர்ந்து, பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் "மல்ட்டிக்ஸ்" என்ற ஏற்பாட்டை 1960-களில் உருவாக்கத் தொடங்கின. பைல்களை மரம் போல அடுக்கும் அதன் திட்டத்தை டேலி, நியூமன் என்ற இருவர் 1965-ல் ஒரு கட்டுரையில் விளக்கினார்கள்.

பலர் கூடும் இடத்தில் பூட்டு வேண்டும் அல்லவா? யார் எதைப் படிக்கலாம், யார் எதைத் திருத்தலாம் என்ற கட்டுப்பாடும் அப்போதே கூடவே வந்துவிட்டது.

நான்கு லட்சம் சாவிகள்

ஓர் அலுவலகத்தில் 40 பேர் வேலை பார்க்கிறார்கள். 10 ஆயிரம் பைல்கள் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பைலுக்கும் தனித்தனியாக "உண்டு", "இல்லை" என்று எழுதினால் 4 லட்சம் முறை எழுத வேண்டும். நாளைக்கு 50 புதிய பைல்கள் வந்தால் இன்னும் 2 ஆயிரம் முறை!

இது நடக்கிற காரியமா? அதனால்தான் வாரிசு முறை வந்தது. மேலே உள்ள போல்டருக்கு ஒருமுறை அனுமதி எழுதினால் போதும். உள்ளே இருக்கும் போல்டர்களுக்கும் பைல்களுக்கும் அது தானாக இறங்கும். தகப்பனுக்கு உள்ளது மகனுக்கு. மகனுக்கு உள்ளது பேரனுக்கு.

இன்னொரு வசதியும் உண்டு. ஆள் பெயரை எழுதாமல், "கணக்குப் பிரிவு" என்று ஒரு குழுவின் பெயரை எழுதலாம். அந்தக் குழுவில் யார் யார் சேர்க்கப்பட்டிருக்கிறார்களோ, அத்தனை பேருக்கும் கதவு திறக்கும்.

குமாஸ்தாவின் கதை இங்கேதான் இருக்கிறது. "கணக்கு" போல்டரைக் கணக்குப் பிரிவுக் குழு படிக்கலாம், திருத்தலாம் என்று எப்போதோ எழுதியிருந்தார்கள். போன வாரம் அதற்குள் புதிய பட்டியல் பிறந்தது. பிறந்த உடனேயே தகப்பனின் அனுமதிகள் அதற்கு வந்துவிட்டன. தபால் பிரிவுக்குப் போன குமாஸ்தாவின் பெயரோ பழைய குழுவிலிருந்து நீக்கப்படவே இல்லை. யாரும் தவறு செய்யவில்லை. யாரும் கவனிக்கவும் இல்லை!

எல்லா வீட்டிலும் ஒரே வழக்கம் அல்ல

எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் வாரிசு வழக்கம் ஒன்று போல இருப்பதில்லை.

1969-ல் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் "யூனிக்ஸ்" என்ற இயக்க முறையைத் தொடங்கினார்கள். அதன் பழைய வழக்கப்படி ஒவ்வொரு பைலுக்கும் சொந்தக்காரர், குழு, மற்றவர்கள் என்று மூன்று தரப்பு. படிக்க, எழுத, இயக்க என்று மூன்று அனுமதி. புதிய பைல் தகப்பன் போல்டரின் அனுமதிகளை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. பைலை உருவாக்கும் புரோகிராமும், உருவாக்குபவருக்கு முன்கூட்டியே வகுத்த விதியும் சேர்ந்து அதை முடிவு செய்கின்றன.

ஆனால், ஒரு பைலை அடைய வேண்டுமானால், வழியில் உள்ள ஒவ்வொரு போல்டரிலும் நுழைய அனுமதி இருக்க வேண்டும். நடுவில் ஒரு கதவு மூடியிருந்தாலும் போக முடியாது.

யூனிக்ஸில் இன்னொரு விசித்திரம் உண்டு. ஒரு பைலை அழிக்க அந்தப் பைலின் அனுமதி தேவையில்லை. அது இருக்கும் போல்டரில் எழுதும் அனுமதிதான் வேண்டும். ஆகவே, படிக்கக்கூட அனுமதி இல்லாத பைலை ஒருவர் அழித்துவிட முடியும்! பலர் பங்கு போடும் போல்டர்களில் இதைத் தடுக்கத் தனிக் குறி ஒன்று போடுவார்கள்.

1993-ல் மைக்ரோசாப்ட் கம்பெனியின் "விண்டோஸ் என்.டி." வந்தது. ஒவ்வொரு பைலுக்கும் போல்டருக்கும் நீளமான அனுமதிப் பட்டியல் வைக்கும் முறை அதில் இருந்தது. பைல் பிறக்கும்போது தகப்பனின் பட்டியலைப் பிரதி எடுத்துக்கொள்ளும். பிறகு மேலே மாற்றினால், கீழே உள்ளவற்றுக்கும் மாற்றும்படி அதிகாரி தனியாகச் சொல்ல வேண்டும்.

2000-ம் ஆண்டு வெளியான "விண்டோஸ் 2000" இதை மாற்றியது. மேலே செய்யும் மாற்றம் தானாகவே கீழே இறங்கத் தொடங்கியது. தகப்பனுக்குக் கிடைத்தால் மகனுக்கும் கிடைக்கும். தகப்பனிடமிருந்து பறித்தால் மகனிடமிருந்தும் போய்விடும். வீட்டுச் சொத்தில் வாரிசு உரிமை பெரும்பாலும் ஒருவர் காலத்துக்குப் பிறகு வருவது. இங்கே தகப்பன் உயிரோடு இருக்கும்போதே தினமும் நடக்கிறது!

தனிக்குடித்தனம்

வாரிசு முறையில் பாகப்பிரிவினையும் உண்டு. "இந்தச் சம்பள போல்டருக்கு மேலிருந்து எதுவும் வர வேண்டாம்" என்று அதிகாரி வாரிசுத் தொடர்பை வெட்டிவிடலாம். அப்போது விண்டோஸ் ஒரு கேள்வி கேட்கும்: "இதுவரை மேலிருந்து வந்த அனுமதிகளைச் சொந்த அனுமதிகளாக வைத்துக்கொள்வதா? அல்லது அடியோடு நீக்குவதா?"

அவசரத்தில் பலர் "வைத்துக்கொள்" என்று சொல்லிவிடுவார்கள். ஆபத்து அங்கேதான். தனிக்குடித்தனம் போன போல்டர், பழைய பெயர்களையும் மூட்டை கட்டிக்கொண்டு போகிறது. பிறகு மேலே ஒருவர் பெயரை நீக்கினாலும், இங்கே அந்தப் பெயர் அப்படியே இருக்கும். மேலே மட்டும் பார்க்கும் அதிகாரி, "எல்லாம் சரியாகிவிட்டது" என்று நினைத்துக்கொள்வார்!

தடை விதிப்பதிலும் நுட்பம் இருக்கிறது. "தடையே பெரிது, அனுமதி சிறிது" என்பது பலரது எண்ணம். விண்டோஸில் அது பாதி உண்மை. நேரடியாக எழுதிய தடைக்கு முதலிடம். நேரடியாக எழுதிய அனுமதிக்கு இரண்டாம் இடம். அதற்குப் பிறகுதான் வாரிசாக வந்த தடை. கடைசியில் வாரிசாக வந்த அனுமதி. அதாவது, மேலே ஒரு தடை இருந்தாலும், பைலில் நேரடியாக ஓர் அனுமதி எழுதியிருந்தால் கதவு திறக்கும்!

நகலும் இடமாற்றமும்

குமாஸ்தாக்கள் அன்றாடம் செய்யும் ஒரு வேலையிலும் இந்த விவகாரம் ஒளிந்திருக்கிறது.

பொதுப் போல்டரில் ஒரு ரகசியப் பட்டியல் கிடக்கிறது. அதைப் பூட்டிய போல்டருக்கு அனுப்ப வேண்டும். விண்டோஸில் அந்தப் பைலை நகல் எடுத்துப் பூட்டிய போல்டரில் போட்டால், அது புதிய பைல். புதிய வீட்டின் கட்டுப்பாடு அதற்கு வந்துவிடும்.

ஆனால், நகல் எடுக்காமல் அதே டிரைவுக்குள் இடம் மாற்றினால், பொதுவாகப் பழைய அனுமதிகளோடுதான் வந்து சேரும். போல்டர் பூட்டியிருக்கிறதே என்று நம்பியிருப்பார்கள். உள்ளே இருக்கும் பட்டியலோ, பழையபடி எல்லோருக்கும் திறந்தபடி இருக்கலாம். நகல் எடுத்தாலும், பழைய இடத்தில் உள்ள மூலத்தை அழிக்க மறந்தால் பயனில்லை.

கையில் இருக்கும் செல்போனுக்கும் இது பொருந்தும். கூகுள் டிரைவ் போன்ற இடங்களில் ஒரு போல்டரை நண்பருக்குப் பகிர்ந்தால், இன்று உள்ளே இருப்பது மட்டும் அவருக்குத் தெரிவதில்லை. நாளை அதில் போடும் படமும், அடுத்த மாதம் போடும் பாங்க் காகிதமும் பொதுவாக அவருக்குத் தெரியும். பகிர்ந்தவர் மறந்துவிடலாம், போல்டர் மறக்காது!

1975-ல் சொன்ன புத்திமதி

இதற்கெல்லாம் மருந்து என்ன?

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தோடு தொடர்புடைய ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் ஆகியோர் 1975-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டர் பாதுகாப்பில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் கட்டுரை அது. அதில் சொன்ன விதிகளில் இரண்டு இங்கே முக்கியம். ஒருவர் தன் வேலையை முடிக்க எவ்வளவு அனுமதி வேண்டுமோ, அவ்வளவுதான் அவருக்கு இருக்க வேண்டும் என்பது ஒன்று. "இல்லை" என்பதிலிருந்து தொடங்கி, தேவையானதற்கு மட்டும் "உண்டு" சொல்ல வேண்டும் என்பது மற்றொன்று.

வாரிசு முறை இந்த விதிகளுக்கு எதிரி அல்ல. ஆனால் கவனிக்காமல் விட்டால், எதிர்த் திசையில் இழுத்துக்கொண்டு போகும். அகலமான அனுமதியை மரத்தின் உச்சியில் எழுதினால், அது கடைசி இலைவரை இறங்கும். ஆகவே உச்சியில் கை சுருக்கமாக இருக்க வேண்டும். ரகசியமானவற்றைப் பொதுக் கிளைக்குள் வைத்துப் பூட்டுவதைவிட, தொடக்கத்திலேயே தனிக் கிளையில் வைப்பது நல்லது. அனுமதியை ஆள் பெயரில் எழுதாமல் குழுவின் பெயரில் எழுதுவது நல்லது. அப்படிச் செய்தால், மாற்றல் ஆனவரைக் குழுவிலிருந்து ஒருமுறை நீக்கினால் போதும். அந்தக் குழுவால் திறந்த கதவுகள் எல்லாம் அவருக்கு மூடிக்கொள்ளும்.

சார்ஜ் ஒப்படைப்பது

இதெல்லாம் அதிகாரிகளின் பொறுப்பு என்று ஊழியர்கள் இருந்துவிட முடியாது. ஏனென்றால், பதிவில் ஏறுவது ஊழியரின் பெயர். அனுமதி எப்படி வந்தது என்று அந்தப் பதிவு சொல்லாது. யார் திறந்தார் என்று மட்டும் சொல்லும்.

மாற்றல் ஆகும் குமாஸ்தா, பழைய காலத்தில் பீரோ சாவியை ஒப்படைத்தது போலக் கம்ப்யூட்டர் சாவியையும் ஒப்படைக்க வேண்டும். "என் பெயரைப் பழைய குழுவிலிருந்து நீக்கிவிடுங்கள்" என்று தேதி போட்டு எழுதிக் கொடுக்கலாம். எழுத்தில் பதில் வாங்கலாம். தனக்குத் தேவையில்லாத போல்டர் திறந்தால், ஆசைப்பட்டு உள்ளே பார்க்காமல், அன்றைக்கே மேலதிகாரியிடம் சொல்லிவிடலாம். இவை சின்ன வேலைகள். ஆனால் வேலையையே காப்பாற்றக்கூடியவை.

மேனேஜர் முன் நின்ற அந்தக் குமாஸ்தாவிடம் அப்படி ஒரு காகிதம் இருந்திருந்தால், விசாரணை ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். காகிதம் இல்லாததால், தான் கேட்காத சாவிக்கு அவர் பதில் சொல்லிக்கொண்டு நிற்கிறார்.

பாட்டன் வைத்த சொத்து பேரனுக்கு வந்தால் சந்தோஷம். பாட்டன் வைத்த கடன் வந்தால்? கம்ப்யூட்டரில் வாரிசாக வரும் அனுமதி சொத்தா, கடனா என்பது, அதை யாராவது நேரத்தில் எண்ணிப் பார்த்தார்களா என்பதைப் பொறுத்தது!