சேவையகக் கணினியைப் பேணுவோர் யாவர்?

பொருளைத் தேடுதல் ஒரு கலை. தேடிய பொருளைப் பேணுதல் மற்றொரு கலை. முன்னையதை உலகம் விரைவிற் கற்றுக்கொள்கின்றது. பின்னையதை இழப்பு நேர்ந்த பின்னரே நினைக்கின்றது. துலாக் கிணற்றிற் கயிறு அறுந்தால் வீட்டாரே மாற்றிக் கட்டுவர். நீரிறைக்கும் இயந்திரம் பழுதுற்றால் அதனைத் திருத்த வல்லவனைத் தேடிச் செல்வர். கருவி நுட்பமாகுந்தோறும் அதனைப் பேணும் பொறுப்பு நம் கையிலிருந்து பிறர் கைக்கு மாறுகின்றது. அம்மாற்றம் எவ்வளவுக்குத் தக்கது என்பதை இக்காலத்துச் சேவையகக் கணினியை முன்வைத்து ஆராய்வோம்.

ஒரு நிறுவனத்திலுள்ள பல கணினிகளுக்கும் வேண்டிய கோப்புகளையும் பதிவேடுகளையும் எடுத்து வழங்கும் நடுநாயகமான கணினியே சேவையகக் கணினி. 'சேர்வர்' என்பது பேச்சு வழக்கு. பள்ளிக்கூடமாயின் சேர்விடாப்பும் புள்ளிகளும் அதிலே தங்கும். மருத்துவமனையாயின் நோயாளர் குறிப்புகள் தங்கும். அது நின்றால் அலுவல் யாவும் நிற்கும். அதனைப் பேணுதற்கு வழிகள் இரண்டு. விற்ற கம்பனிக்கு ஆண்டுதோறும் பணங்கட்டி, பழுதுற்ற உறுப்பை அவரே மாற்றித்தருமாறு ஒப்பந்தஞ் செய்தல் ஒன்று. மாற்றுறுப்புகளை முன்னரே வாங்கிவைத்து, நம்மவரே திருத்திக்கொள்ளுதல் மற்றொன்று.

இரண்டாம் வழிக்குப் பெருஞ்சான்றாவது கூகிள் நிறுவனம். 1998 இல் தோன்றிய அந்நிறுவனம், விலையுயர்ந்த சேவையகங்களை வாங்காது, கடையிற் கிடைக்கும் மலிவான உறுப்புகளைக் கொண்டு தானே கணினிகளை அமைத்தது. 1999 இல் அமைத்த அடுக்குகளில், ஒவ்வொரு தட்டிலும் நான்கு தாய்ப்பலகைகளை நெருக்கிவைத்து, மின்னொழுக்கைத் தடுக்கத் தக்கையை விரித்திருந்தனர். அவ்வடுக்குகளுள் ஒன்றை மவுண்டன் வியூ நகரின் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். 2003 இல் அந்நிறுவனத்தார் வெளியிட்ட கட்டுரை, 15,000 இற்கும் மேற்பட்ட சாதாரணக் கணினிகளைத் தாம் இயக்குவதாகக் கூறிற்று. அவற்றுட் சில நாடோறும் பழுதுறும் என்பதை அவர் முன்னரே கணக்கிட்டிருந்தனர். ஒன்று விழுந்தால் அதன் பணியை மற்றொன்று ஏற்குமாறு மென்பொருளை அமைத்தமையே அவர் வெற்றியின் இரகசியம். மலிவான கணினியை மட்டும் கண்டு, அதன் பின்னின்ற மென்பொருளையும் அதனை எழுதிய பொறியியலாளர் கூட்டத்தையும் காணாதார், அவர் வழியைப் பின்பற்ற முடியாது.

பக்பிளேஸ் என்னும் சேமிப்பு நிறுவனத்தின் வரலாறு இன்னும் தெளிவானது. 45 வன்தட்டுகளைக் கொண்டு 67 டெராபைற்று கொள்ளத்தக்க பெட்டியொன்றைத் தானே அமைத்து, 7,867 டொலர் செலவில் அதனைச் செய்யும் முறையை 2009 இல் உலகறிய வெளியிட்டது. அதே நிறுவனம், ஆயத்தமான சேவையகங்களைக் கம்பனிகளிடம் வாங்கத் தொடங்கியதைப் 2022 இல் விளக்கிற்று. தன் கையால் செய்தபோதும் அது கணக்குப் பார்த்தது. வாங்கியபோதும் கணக்குப் பார்த்தது. இரண்டிலும் கொள்கை ஒன்றே.

நாமும் கணக்குப் பார்ப்போம். கம்பனிகள் தம் வன்தட்டின் சராசரி வாழ்நாள் பத்து இலட்சம் மணி முதல் பதினைந்து இலட்சம் மணி வரை என எழுதுவதுண்டு. அதன்படி ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றும் பழுதுறலாகாது. கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர் ஏறக்குறைய ஓரிலட்சம் தட்டுகளின் பதிவுகளை ஆராய்ந்து 2007 இல் வெளியிட்ட முடிவோ வேறு. ஆண்டுதோறும் நூற்றுக்கு 2 முதல் 4 வரை மாற்றப்படுதல் வழக்கமென்றும், சிலவிடங்களில் 13 வரை சென்றதென்றும் அவர் கண்டனர். நூற்றுக்கு 3 எனக் கொண்டால், 20 தட்டுகளையுடைய நிறுவனத்தில் ஐந்தாண்டுகளில் மூன்று தட்டுகள் பழுதுறும். இதற்கு அலுமாரியில் இரண்டு தட்டுகளை வாங்கிவைத்து, ஒன்றை எடுத்தவுடன் மற்றொன்றை வாங்குதல் போதும். வன்தட்டு, காற்றாடி, மின்வழங்கி என்னும் மூன்றுமே பெரும்பாலும் பழுதுறுவன. இவற்றைத் திருப்புளியறிந்த எவரும் மாற்றலாம்.

ஆயின் ஒப்பந்தம் வீண் என்று கூறோம். தாய்ப்பலகையோ, பல தட்டுகளை இணைத்தாளும் கட்டுப்பாட்டு அட்டையோ கெட்டால், பொருத்தமான மாற்றுறுப்பு கடையிற் கிடைத்தல் அரிது. அன்றியும், இயந்திரத்தின் உள்நிரல் திருத்தங்களை ஒப்பந்தமுடையார்க்கே வழங்கும் வழக்கமும் உண்டு, எச்.பி. கம்பனி 2014 இல் தன் சேவையகங்களுக்கு அத்தகைய விதியை அறிவித்தது. ஒரு மணி நேரமும் நிற்கலாகாத மருத்துவமனைக்கும் வங்கிக்கும் ஒப்பந்தம் செலவன்று, காப்பு.

ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட சொற்களை மட்டும் நுணுகி நோக்கல் வேண்டும். 'நான்கு மணி நேரத்தில்' என்பது பெரும்பாலும் ஆள் வந்துசேரும் நேரமே. திருத்தி முடிக்கும் நேரமன்று. உறுப்புகளின் களஞ்சியம் கொழும்பிலும் கணினி யாழ்ப்பாணத்திலும் இருப்பின், இடையே ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தொலைவு உண்டு. கையொப்பமிடுமுன் அத்தூரத்தைச் சுட்டிக் கேட்டு, விடையை எழுத்திற் பெறுக.

தற்சார்பு வழிக்கும் ஒரு பெருங்குறை உண்டு. அறிவு ஒருவரிடத்தே தங்கிவிடுதலே அது. கணினியைப் பேணிய ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்றால், அலுமாரியில் உறுப்புகள் இருந்தும் பயனில்லை. ஆதலின் இருவராவது அப்பணியை அறிந்திருத்தல் வேண்டும். செய்த ஒவ்வொரு மாற்றமும் ஓர் ஏட்டில் எழுதப்படல் வேண்டும்.

எவ்வழியைக் கொள்ளினும் மறக்கலாகாதது ஒன்றுண்டு. ஒப்பந்தம் இயந்திரத்தை மீட்டுத் தரும்; அதிலிருந்த எழுத்தை மீட்டுத் தராது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. கட்டடம் பின்னர் எழுந்தது. மறுபிரதியில்லாத சுவடிகள் மீண்டில. எனவே பதிவுகளின் மறுபிரதி வேறோரிடத்தில் இருத்தல் வேண்டும்; தவணைக்கு ஒருமுறையாவது அதனைத் திறந்து படித்துப் பார்த்தல் வேண்டும்.

நம் போன்ற கல்லூரிக்கு இடைவழியே தக்கதென்று கருதுகின்றோம். பதிவேடுகளைத் தாங்கும் முதன்மைக் கணினியொன்றுக்கு ஒப்பந்தம் இருக்கட்டும்; ஏனையவற்றுக்கு ஒரே வகையான கணினிகளை வாங்கி, ஒன்றை மேலதிகமாக வைத்து, மாணவர் துணையுடன் நாமே பேணுவோம். பழுதுற்ற இயந்திரத்தைத் திறந்து பார்க்கும் மாணவன் பாடநூலிற் காணாத பாடத்தைக் கற்பான்.

கல்லூரிக்குக் கணினி வழங்கும் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். கணினியின் விலையோடு, ஐந்தாண்டுப் பராமரிப்புச் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டு வழங்குக. பத்துக் கணினிகள் தந்து பேணுதற்கு வழியின்றி விடுதலினும், எட்டுத் தந்து அவற்றைப் பேணுதற்கு வழிசெய்தல் மேலானது. கொடைக்குரிய புகழ் கொடுத்த நாளோடு முடிவதன்று. அப்பொருள் பயன்படும் நாளெல்லாம் நிலைப்பது.