வாழைக்கு வரும் நோயும் வியாபாரியின் முற்பணமும்

வாழைப்பழத்தின் விலை திடீரென ஏறினால் நாம் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் மூன்று: மழை, டீசல், பண்டிகைக் காலம். நான்காவது காரணம் ஒன்றும் உண்டு. அதைப் பற்றி மொத்தக் கடைகளில் அதிகம் பேசப்படுவதில்லை. அதுதான் பயிர் நோய். மழை விட்டால் வரத்துத் திரும்பிவிடும். பண்டிகை முடிந்தால் விலை இறங்கிவிடும். நோய் பிடித்த தோட்டம் மட்டும் அப்படித் திரும்பி வருவதில்லை. சில தோட்டங்கள் பத்து வருடமானாலும் திரும்புவதில்லை.

பழ வியாபாரத்தில் ஈடுபட்டுள்ள எமது சகோதரர்கள் பலர் தோட்டக்காரர்களுக்கு முற்பணம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். குலையை வெட்டி லொறியில் ஏற்றும் நேரத்தில் மட்டுமே தோட்டத்தைப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். தோட்டத்தில் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது அவர்களது தொழிலுக்கு மிக அவசியம் என்பது எனது கருத்து. எனவே இவ்வாரம் வாழை நோய்கள் பற்றியும், அவை சிறு தோட்டக்காரனின் வாழ்வை எவ்வாறு பாதிக்கின்றன என்பது பற்றியும், அதில் வியாபாரியின் பங்கு என்ன என்பது பற்றியும் எழுதலாம் என நினைத்தேன்.

சிறு தோட்டக்காரனின் வாராந்தக் கணக்கு

நெல் செய்பவருக்கு வருடத்தில் இரண்டு தடவை பணம் வரும். வாழை செய்பவருக்கு வாரா வாரம் வரும். உடவளவைப் பகுதியில் நெல்லை விட்டு வாழைக்கு மாறியவர்கள் பலர். எம்பிலிபிட்டிய, ஹம்பாந்தோட்டை, மொனராகலை, குருநாகல் பக்கங்களிலும், வடக்கே நீர்வேலி போன்ற இடங்களிலும் வாழை விரும்பிச் செய்யப்படுவதற்கு இந்த வாராந்த வருமானம் ஒரு முக்கிய காரணம். பிள்ளையின் வகுப்புக் காசும் வீட்டுச் சாமானும் அந்தக் குலையிலிருந்துதான் வருகின்றன.

ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட இலக்கங்கள். அரை ஏக்கரில் 200 வாழைப் பற்றைகள் இருக்கின்றன. வருடத்துக்கு 300 குலை கிடைக்கிறது. அதாவது வாரத்துக்கு ஏறக்குறைய 6 குலை. ஒரு குலை 10 கிலோ என்றால் 60 கிலோ. தோட்டத்தில் கிலோ 100 ரூபா வீதம் கொடுத்தால் வாரத்துக்கு 6,000 ரூபா. பசளை, தண்ணீர், கூலி என்று 2,500 ரூபா போனால் மிச்சம் 3,500 ரூபா.

இப்போது நோயினால் மூன்றில் ஒரு பங்குப் பற்றைகள் போய்விட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். வரவு 4,000 ரூபாவாகக் குறைகிறது. மிஞ்சிய பற்றைகளுக்கும் தண்ணீர் இறைத்தாக வேண்டும், களை பிடுங்கியாக வேண்டும். நோயுற்றவற்றைக் கிண்டி அகற்றவும் கூலி வேண்டும். ஆகவே செலவு அப்படியே நிற்கிறது. மிச்சம் 1,500 ரூபா. வரவில் மூன்றில் ஒன்றுதான் போனது. ஆனால் கைக்கு எஞ்சுவதில் பாதிக்கு மேல் போய்விட்டது. கடை நடத்தும் எவருக்கும் இந்தக் கணக்கு விளங்கும். வியாபாரம் சற்றுக் குறைந்தாலும் கடை வாடகை குறையாதல்லவா?

இத்துடன் நின்றால் பரவாயில்லை. புதிதாக நட்டால் முதற்குலைக்கு ஏறக்குறைய ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு வருடத்தை எதைக் கொண்டு ஓட்டுவது? அரை ஏக்கர்க்காரனிடம் சேமிப்பு இல்லை. நகை அடகுக்குப் போகும், அல்லது வியாபாரியிடம் இன்னொரு முற்பணம் கேட்பான்.

மூன்று நோய்கள்

வாழைக்குப் பல நோய்கள் உண்டு. வியாபாரிகள் அறிந்திருக்க வேண்டியவை மூன்று.

முதலாவது முடிக்கொத்து நோய். ‘பன்ச்சி டொப்’ என்பார்கள். இது ஒரு வைரஸினால் வருவது. இலைகள் சிறுத்து, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்கும். இலைக்காம்பிலும் நரம்பிலும் கரும்பச்சை நிறத்தில் புள்ளியும் கோடுமாகத் தெரியும். இளமையில் பிடித்தால் மரம் குலையே போடாது. இதற்கு மருந்து கிடையாது. அசுவினி என்றும் அழுக்கணவன் என்றும் சொல்லப்படும் சிறு பூச்சிதான் மரத்துக்கு மரம் இதைக் கொண்டு செல்கிறது. இலங்கையில் இது 1913 ஆம் ஆண்டிலேயே பதிவாகிவிட்டது. 1940 அளவில் கேரளாவுக்கும் எமது தீவிலிருந்தே சென்றிருக்க வேண்டும் எனக் கருதப்படுகிறது. பின்னர் தமிழ்நாட்டில் பழநி மலைச் சாரலின் பெயர்பெற்ற விருப்பாட்சி வாழையின் பரப்பு பெருமளவு சுருங்கியதற்கும் இந்நோயே பிரதான காரணம்.

இரண்டாவது பனாமா வாடல். இது மண்ணிலுள்ள ஒரு பூஞ்சணத்தினால் வருவது. அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, முறிந்து மரத்தைச் சுற்றித் தொங்கும். தண்டின் அடி வெடிக்கும். வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பழுப்பு நிறக் கோடுகள் தெரியும். நல்ல விலை போகும் கோழிக்கூட்டு வாழைதான் இதற்கு இலகுவில் இரையாகிறது. புளிவாழை பெருமளவு தாங்கிக்கொள்கிறது. சந்தையில் கோழிக்கூட்டு எப்போதும் விலை கூடியே இருப்பதற்கும் வரத்துக் குறைவாக இருப்பதற்கும் இதுவும் ஒரு காரணம். இந்தப் பூஞ்சணம் பல பத்தாண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கக்கூடியது. ஒரு தலைமுறைக்கு அந்த நிலத்தில் அந்த இன வாழை இல்லை என்றே அர்த்தம்.

மூன்றாவது சிகடோகா எனும் இலைப்புள்ளி நோய். பீஜித் தீவின் ஒரு பள்ளத்தாக்கின் பெயரால் அழைக்கப்படுவது. இலையில் புள்ளிகள் விழுந்து, கருகி, குலை முற்றும்போது மரத்தில் போதிய இலை இருக்காது. மரம் சாவதில்லை, ஆனால் காய் சிறுக்கும். அத்துடன் காய் முற்றுமுன்பே பழுக்கத் தொடங்கும். லொறியில் பச்சையாக ஏற்றிய குலை கொழும்பு வந்து சேரும்போது பாதி பழுத்திருந்தால், பல வேளைகளில் வெயிலைக் குறை சொல்கிறோம். தோட்டத்தில் இலை எத்தனை இருந்தது என்றும் கேட்டுப் பார்ப்பது நல்லது.

நோய் எப்படிப் பயணம் செய்கிறது

பூச்சி ஒரு தோட்டத்திலிருந்து பக்கத்துத் தோட்டத்துக்குத்தான் பறக்கும். ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு நோயைக் கொண்டுபோவது பெரும்பாலும் வாழைக்குட்டி. அந்த வாழைக்குட்டி போவது மனிதனின் வாகனத்தில்.

பூச்சி கடித்த மரத்தில் நோயின் அடையாளம் தெரிய மூன்று நான்கு வாரங்கள், சில வேளை அதற்கும் கூடுதலாக ஆகும். ஆகவே பார்வைக்கு நல்ல குட்டியாகத் தெரிவது நோயைச் சுமந்துகொண்டிருக்கலாம். பனாமா வாடல் கிழங்கோடும் அதில் ஒட்டிய மண்ணோடும் போகிறது. மண்வெட்டி, சாக்கு, லொறிச் சில்லு, சேற்றுக் காலணி எல்லாமே அதற்கு வாகனங்கள்.

குலை ஏற்றப் போகும் லொறியில் ‘அங்கே நல்ல இனம் இருக்கிறது, கொஞ்சம் குட்டி கொண்டுவந்து தாருங்கள்’ என்று தோட்டக்காரர் கேட்பதும், நாம் உதவியாகக் கொண்டுவந்து கொடுப்பதும் சாதாரணமாக நடப்பது. நல்ல மனதோடு செய்யும் அந்த உதவி ஒரு கிராமத்தையே அழிக்கக்கூடியது.

மற்ற நாடுகளில் நடந்தது

இதில் மிகைப்படுத்தல் ஏதும் இல்லை என்பதற்குச் சில உதாரணங்கள். அவுஸ்திரேலியாவில் 1913 அளவில் தலைகாட்டிய முடிக்கொத்து நோய், 1920களின் நடுப்பகுதியில் நியூ சவுத் வேல்ஸின் வடபகுதியிலும் குயின்ஸ்லாந்தின் தென்பகுதியிலும் வாழைச் செய்கையைக் கிட்டத்தட்டப் படுக்க வைத்தது. மெகீ என்ற ஆய்வாளர் இது பூச்சியினாலும் குட்டியினாலும் பரவுகிறது என்பதை நிரூபித்தார். அதன் பின் சட்டம் வந்தது. பரிசோதகர்கள் தோட்டம் தோட்டமாகச் சென்றார்கள். நோயுற்ற பற்றை கட்டாயமாக அழிக்கப்பட்டது. அனுமதி பெற்ற குட்டி மட்டுமே நடப்பட்டது. தொழில் மீண்டது. மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படாமல், ஒழுங்கினால் மட்டுமே மீண்ட தொழில் அது.

ஆபிரிக்காவின் மலாவியில் கதை வேறு விதமாக நடந்தது. 1990களிலிருந்து பரவிய அதே நோய் சிறு தோட்டக்காரரின் வாழையைப் பெருமளவில் அழித்தது. ஒரு காலத்தில் சொந்த வாழை உண்ட நாடு அயல்நாடான தன்சானியாவிலிருந்து லொறி லொறியாக வாங்கும் நிலைக்கு வந்தது. 2025 மார்ச்சில் உள்நாட்டு விவசாயியைப் பாதுகாப்பதற்கென மலாவி வாழைப்பழம் உட்பட சில விளைபொருட்களின் இறக்குமதியைத் தடுத்தது. அடுத்த மாதமே தன்சானியா பதில் தடை விதித்தது.

பனாமா வாடலின் கதையும் அறிந்திருக்க வேண்டியதே. மத்திய அமெரிக்காவிலிருந்து உலகம் முழுவதும் ஏற்றுமதியான குரோ மிஷேல் இனம் இந்நோயினால் வீழ்ந்து, 1960கள் அளவில் அதன் இடத்தைக் கவென்டிஷ் பிடித்தது. எமது ஆனைவாழை அந்தக் குரோ மிஷேல் இனத்தைச் சேர்ந்ததே. இப்போது கவென்டிஷையும் கொல்லும் புதிய வகைப் பூஞ்சணம் ஒன்று, டீ.ஆர்.4 எனப்படுவது, ஆசியாவிலிருந்து பரவியிருக்கிறது. இந்தியாவின் பீஹாரில் காணப்பட்டது. 2019 இல் கொலம்பியாவிலும், 2021 இல் பெருவின் பியூரா பிரதேசத்திலும் உறுதி செய்யப்பட்டது. பியூராவில் ஏற்றுமதிக்கு வாழை செய்பவர்கள் பெரும்பாலும் எமது தோட்டக்காரரைப் போன்ற சிறு நிலக்காரர்கள்.

முற்பணம் கொடுத்தவரின் நிலை

தோட்டத்தில் நோய் வந்தால் முற்பணம் என்ன ஆகும்? தோட்டக்காரன் ஏமாற்றுக்காரன் அல்ல. அவனிடம் குலை இல்லை. நெருக்கினால் மிச்சமிருக்கும் குலைகளை முற்றுமுன்பே வெட்டித் தருவான். அந்தக் காய் பழுக்காது, பழுத்தாலும் சுவையில்லை, வாடிக்கையாளர் எம்மைத்தான் ஏசுவார். மேலும் நெருக்கினால் வாழையை விட்டுவிட்டுக் கூலி வேலைக்குப் போவான். அப்போது கடனும் இல்லை, தோட்டமும் இல்லை.

காய் பிடிக்கும் முன்பே தோட்டத்தின் விளைச்சலை மொத்தமாக விலை பேசுவது குறித்து மார்க்கச் சட்டத்தில் உள்ள எச்சரிக்கை எமது வியாபாரிகள் அறிந்ததே. பயிருக்கு அழிவு வந்தபின் இரு தரப்பும் தகராறுப்படுவது இன்று நேற்று வந்த பிரச்சினையல்ல என்பது அதிலிருந்து விளங்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நோயுற்ற பற்றையை உடனே அழிப்பதுதான் ஒரே வழி என்று விவசாயப் போதனாசிரியர் சொல்கிறார். அதே பற்றையில் பாதி முற்றிய குலையொன்று தொங்குகிறது. கடன்பட்டவன் அதை அழிப்பானா? இன்னும் ஒரு மாதம் காத்திருப்பான். அந்த ஒரு மாதத்தில் பூச்சி பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடும். கடன் நெருக்கம் நோயைப் பரப்புகிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

நாம் செய்யக் கூடியவை

முதலாவது, லொறியில் வாழைக்குட்டி ஏற்றுவதை நிறுத்துங்கள். யார் கேட்டாலும் சரி. தோட்டத்துக்குள் லொறியை விடாமல் வீதியோரத்தில் நிறுத்தி, குலையை அங்கே கொண்டுவரச் சொல்லுங்கள்.

இரண்டாவது, முற்பணம் கொடுக்குமுன் தோட்டத்தை நடந்து பாருங்கள். மேலே சொன்ன அடையாளங்களைப் பார்க்க அரை மணித்தியாலம் போதும். ஒரே ஊரில், ஒரே இனத்தில் பணம் முழுவதையும் போடாதீர்கள். கோழிக்கூட்டுக்குக் கொடுப்பவர் புளிவாழைக்கும் கொஞ்சம் கொடுத்து வைக்கட்டும்.

மூன்றாவது, நோயுற்ற பற்றையை அழிக்க உதவுங்கள். முடிக்கொத்து நோயென்றால் முதலில் பூச்சியைக் கொன்றுவிட்டுத்தான் மரத்தை வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் வெட்டும்போது பூச்சி பறந்து அடுத்த மரத்தில் குந்தும். கிழங்கோடு கிண்டி எடுத்துச் சிறு துண்டுகளாக வெட்ட வேண்டும். பற்றையில் நிற்கும் குலைக்கு ஒரு நியாயமான தொகையைக் கொடுத்து உடனே அழிக்கச் சொல்வது வியாபாரிக்கும் இலாபமே. ஒரு குலையின் விலையில் ஒரு தோட்டம் காப்பாற்றப்படுகிறது.

நான்காவது, புதிய முற்பணத்தின் ஒரு பகுதியை நல்ல நடுகைப் பொருளுக்கென ஒதுக்குங்கள். பரிசோதிக்கப்பட்ட தாய்மரத்திலிருந்து இழைய வளர்ப்பு முறையில் உண்டாக்கிய கன்று வைரஸ் இல்லாமல் கிடைக்கும். ஆனால் பனாமா வாடல் உள்ள மண்ணில் கோழிக்கூட்டின் இழைய வளர்ப்புக் கன்றை நட்டாலும் அது வாடத்தான் செய்யும். அங்கே இனத்தை மாற்ற வேண்டும். எது பொருத்தம் என்று பிரதேச விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கும் பேசலாம்.

ஐந்தாவது, வெளிநாட்டிலிருந்து வரும்போது கன்றோ கிழங்கோ பையில் கொண்டுவராதீர்கள். 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கப் பயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இதற்காகவே இருக்கிறது.

2022 இல் ராஜாங்கனையிலிருந்து புளிவாழை டுபாய்க்கு ஏற்றப்பட்டபோது, எமது வாழைக்கு வெளிநாட்டிலும் இடமுண்டு என்பது தெரிந்தது. அந்தச் சந்தையைத் தேடிப் போகும் வியாபாரிக்கு வாரம் தவறாமல் நல்ல குலை வேண்டும். அதைத் தருபவன் அரை ஏக்கர்க்காரன். அவனுடைய பற்றைகளை எமது கடைச் சரக்கைப் போலவே எண்ணிப் பார்த்து வருபவர் நட்டப்படமாட்டார். அடுத்த தடவை குலை எடுக்கப் போகும்போது தராசோடு மட்டும் போகாமல், நான்கு வரிசை நடந்து இலைகளையும் பார்த்துவிட்டு வாருங்கள்.