வருமானத்தால் அளக்க முடியாத வாழ்வு

கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்த நாள்களில், 'மனித மூலதனம்' குறித்த பாடத்தை ஓர் எளிய கணக்குடன் தொடங்குவது என் வழக்கம். ஒருவர் தம் வாழ்நாளில் ஈட்டக்கூடிய வருமானத்தைக் கூட்டி, அதன் இன்றைய மதிப்பைக் கண்டறிந்தால், அதுவே அவரது பொருளாதார மதிப்பு எனக் கொள்ளலாம். அப்படி நான் விளக்கிய ஒரு நாளில், முன்வரிசையில் இருந்த பார்வையற்ற மாணவர் ஒருவர் எழுந்து, 'ஐயா, எவரும் வேலை தர முன்வராத ஒருவரின் மதிப்பு பூஜ்யமா?' என்று கேட்டார். 'இது வருமானத்தின் கணக்கு. மனிதரின் கணக்கு அல்ல' என்று பதில் சொன்னேன். பதில் தவறானதல்ல. ஆனால், அந்த வேறுபாட்டைச் சமுதாயங்கள் எவ்வளவு எளிதில் மறந்துவிடுகின்றன என்பதை அன்று நான் சொல்லத் தவறிவிட்டேன்.

அந்த மறதியின் கொடிய சான்று ஜெர்மனி. 1920-இல் அங்கு சட்ட அறிஞர் ஒருவரும் மனநல மருத்துவர் ஒருவரும் இணைந்து எழுதிய சிறுநூல், 'வாழத் தகுதியற்ற உயிர்களை' அழிக்க அனுமதிக்கலாம் என்று வாதிட்டது. அத்தகையோரைப் பராமரிக்க ஆகும் செலவும் அதில் கணக்கிடப்பட்டது. ஹிட்லர் ஆட்சியில் இந்தக் கணக்கு பள்ளிப் பாடநூல்களுக்கே வந்தது. மனநல விடுதிகளுக்கு ஆகும் செலவில் எத்தனை குடும்பங்களுக்கு வீடு கட்டித் தரலாம் என்ற வகையில் மாணவர்களிடம் கேட்கப்பட்டது. 1939-இல் தொடங்கிய 'டி4' திட்டத்தின் கீழ், 1941 ஆகஸ்டுக்குள் மனநலம் குன்றியோரும் மாற்றுத்திறனாளிகளுமாக 70,000-க்கும் மேற்பட்டோர் நச்சுவாயுவால் கொல்லப்பட்டனர்.

அந்த ஆகஸ்ட் மாதம் 3-ஆம் தேதி, மியூன்ஸ்டர் நகரின் ஆயர் வான் காலன் இக்கொடுமையைத் தமது உரையில் பகிரங்கமாகக் கண்டித்தார். உற்பத்தித் திறன் இல்லாதவரைக் கொல்லலாம் என்ற கோட்பாட்டை ஏற்றுக்கொண்டால், முதுமையடைந்து வலுவிழக்கும் நாளில் நம் அனைவருக்கும் அதே கதி நேரும் என்பது அவரது வாதத்தின் சாரம். அந்த மாதத்திலேயே திட்டம் அதிகாரபூர்வமாக நிறுத்தப்பட்டது. ஆயினும், பட்டினியாலும் மருந்துகளாலும் கொல்வது போர் முடியும்வரை மறைவாகத் தொடர்ந்தது.

இன்று எந்த நாகரிக அரசும் அப்படிப் பேசாது. எனினும், மனித வாழ்வைத் தரம் பிரித்து எண்ணும் பழக்கம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. மருத்துவ நிதியை எந்தச் சிகிச்சைக்கு ஒதுக்குவது என முடிவெடுக்க, வாழ்நாளை வாழ்க்கைத் தரத்தால் பெருக்கும் முறையைப் பொருளாதார அறிஞர்கள் உருவாக்கினர். முழு உடல்நலத்துடன் வாழும் ஓராண்டுக்கு மதிப்பு ஒன்று. நடக்க இயலாதவரின் ஓராண்டுக்கு, எடுத்துக்காட்டாக, 0.6 என்று வைத்துக்கொள்வோம். ஒரே சிகிச்சை இருவரின் ஆயுளையும் பத்தாண்டுகள் நீட்டித்தாலும், ஒருவர் கணக்கில் பத்தும் மற்றவர் கணக்கில் ஆறுமே சேரும். ஒருவருக்கு ஏற்ற மருந்து இரண்டில் எது என்று ஒப்பிட இம்முறை உதவும். இரு மனிதரில் எவரைக் காப்பது என்று தீர்மானிக்க அதைப் பயன்படுத்தினால், உடற்குறையே ஒருவரைப் பின்னுக்குத் தள்ளிவிடும்.

இது வெறும் ஏட்டுக் கவலையன்று. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலம் ஏழைகளுக்கான சிகிச்சைகளை வரிசைப்படுத்தத் தயாரித்த திட்டத்தை, மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கு முரணானது என்று கூறி 1992-இல் மத்திய அரசு நிராகரித்தது. திருத்தங்களுக்குப் பிறகே அதற்கு ஒப்புதல் கிடைத்தது.

அப்படியானால், பொருளியல் இங்கே செய்ய வேண்டியது என்ன? அமர்த்தியா சென் ஒரு வழி காட்டினார். உடற்குறை உள்ளவருக்கு வருமானம் ஈட்டுவதில் ஓர் இடர்ப்பாடு. ஈட்டிய வருமானத்தை நல்வாழ்வாக மாற்றிக்கொள்வதில் மற்றோர் இடர்ப்பாடு. உதவியாளர், சிறப்பு வாகனம், சாதனங்கள் என மற்றவருக்குத் தேவைப்படாத செலவுகள் அவருக்கு உண்டு. சென் மேற்கோள் காட்டும் பிரிட்டன் ஆய்வு ஒன்றில், வறுமைக்கோட்டுக்குக் கீழான குடும்பங்களில் வாழ்வோர் மொத்த மக்களில் 17.9 சதவீதம். மாற்றுத்திறனாளி உள்ள குடும்பங்களில் அது 23.1 சதவீதம். அவர்களின் கூடுதல் தேவைகளையும் கணக்கில் கொண்டபோது, விகிதம் 47.4 சதவீதமாக உயர்ந்தது. வருமானத்தை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இந்த வறுமையின் பெரும்பகுதி படுவதேயில்லை.

நம் நாட்டில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். கடும் பாதிப்புள்ள ஏழைகளுக்கான ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு, 2012-இல் மாதம் ரூ.300 என நிர்ணயிக்கப்பட்டது. மாநில அரசுகள் தம் பங்கைச் சேர்த்துத் தருகின்றன என்றாலும், உதவியாளரின் ஒரு நாள் கூலிக்கும் போதாத அந்தத் தொகை, மேற்சொன்ன இரண்டாவது இடர்ப்பாட்டை நாம் இன்னும் உணரவில்லை என்பதையே காட்டுகிறது.

நீதிமன்றம் அதை உணர்ந்த தருணம் உண்டு. ஹரியாணாவில் 12 வயதில் விபத்தில் சிக்கி, மூளை பாதிக்கப்பட்டு, முழுமையாகப் பிறரைச் சார்ந்து வாழும் நிலைக்குள்ளான ஒரு சிறுமியின் வழக்கில், ஆண்டு வருமானம் ரூ.15,000 என்ற அனுமானத்தை 2020-இல் உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. தேர்ச்சி பெற்ற தொழிலாளியின் குறைந்தபட்ச ஊதியத்தை அடிப்படையாகக் கொண்டது. அவருக்கு வாழ்நாள் முழுவதும் தேவைப்படும் உதவியாளர்களின் செலவையும் சேர்த்து, இழப்பீட்டை ரூ.62.27 லட்சமாக உயர்த்தியது. அவர் என்ன ஈட்டியிருப்பார் என்பதோடு, கண்ணியமாக வாழ என்ன தேவை என்ற கேள்வியும் அங்கு கேட்கப்பட்டது.

நல்லெண்ணத்தோடு நாம் செய்யும் ஒரு தவறும் உண்டு. ஆண்டுதோறும் டிசம்பர் 3, சர்வதேச மாற்றுத்திறனாளிகள் நாளில், தடைகளை வென்று சாதித்தவர்களைப் பாராட்டுகிறோம். பாராட்டு அவர்களுக்கு உரியதே. ஆனால், 'இவர்களும் சாதிக்கிறார்கள். எனவே மதிக்க வேண்டும்' என்ற வாதம், சாதிக்க வாய்ப்பே இல்லாதவரை வெளியே நிறுத்திவிடுகிறது. பேசவோ நடக்கவோ இயலாத ஒரு மகனை முப்பது ஆண்டுகளாகக் குளிப்பாட்டி உணவூட்டும் தாய்க்கு அந்த வாதத்தால் என்ன ஆறுதல்? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கண்ணியத்துடன் வாழும் உரிமையைச் சாதனையோடு பிணைக்கவில்லை. அனைவருக்கும் பொதுவாகவே வைத்திருக்கிறது.

பணி ஓய்வு பெற்று, மாடிப்படிகளில் கைப்பிடியைத் தேடும் வயதுக்கு நானும் வந்துவிட்டேன். அந்த மாணவருக்கு இப்போது பதில் சொல்வதானால், இன்னொரு வாக்கியத்தையும் சேர்ப்பேன்: 'வருமானம் பூஜ்யமாகலாம், தம்பி, அதற்காக வாழ்வின் மதிப்பு குறையாது. யாரைக் காப்பது என்று கணக்குப் போடுவது பொருளியலின் வேலையன்று. எல்லோரையும் காக்க எவ்வளவு தேவை, அதை எப்படித் திரட்டுவது என்று கணக்கிடுவதே அதன் வேலை.'